ஏற்காடு ஏற பழைய பெஜோ சைக்கிளுக்கு எந்தக் கியர்?

குரூப்செட், அதாவது கியர், கிராங்க், பிரேக் எல்லாம் சேர்ந்த முழு செட், வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரான்சில் இருந்த உங்கள் பெரியப்பா எண்பதுகளில் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த பெஜோ, மாடிப்படிக்கு அடியில் பல வருடம் கிடந்தது. முன்னால் 52, 42 பல் என இரண்டு செயின்வீல், பின்னால் 14 முதல் 24 பல் வரை ஆறு பல்சக்கரங்கள் அடுக்கிய ஃப்ரீவீல். உங்களுக்கு இப்போது சேலத்தில் வேலை, இந்த சைக்கிளில் ஏற்காடு ஏறிப் பார்க்க ஆசை. கையில் ஏழாயிரம் ரூபாய். கடைக்காரர் "எல்லாத்தையும் கழட்டிட்டு எட்டு ஸ்பீடு குரூப்செட் போட்டுடலாம்" என்கிறார். இதுதானே நீங்கள் கேட்டது?

அவர் சொல்வது தப்பான யோசனை இல்லை, வேலையும் செய்யும். ஆனால் அந்த ஒரு முடிவுக்குப் பின்னால் எத்தனை செலவு வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். எட்டு ஸ்பீடு கேசட் என்ற பின் பல்தொகுதிக்கு, அது ஏறி உட்காரும் ஃப்ரீஹப் உள்ள பின்சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரத்தின் ஹப், அதாவது நடுமையம், 130 மி.மீ. அகலம், உங்கள் ஃபிரேமில் அதற்கு இருக்கும் இடம் பெரும்பாலும் 126. புது கிராங்குக்கு, அதாவது பெடல் மாட்டும் கைக்கு, அது சுழலும் அச்சுத் தொகுதியான பாட்டம் பிராக்கெட்டும் புதிது வேண்டும், உங்கள் ஃபிரேமில் இருப்பது பெரும்பாலும் பிரெஞ்சு மரை, கடையில் கிடைப்பது இங்கிலீஷ் மரை. பிரேக் லீவரோடு சேர்ந்த, கியர் மாற்றும் ஷிஃப்டர் வந்தால் கேபிள், அவுட்டர், ஹேண்டில்பார் டேப் எல்லாம் மாறும். கடைசியில் பட்ஜெட் இரண்டு மூன்று மடங்காகிவிடும், பெரியப்பாவின் சைக்கிளில் ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும்தான் மிஞ்சும். உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மலையில் மிதிக்கக்கூடிய ஒரு சின்ன கியர். அதை மட்டும் வாங்குவோம்.

எவ்வளவு சின்னது என்பதைக் குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள், கணக்கு சுலபம். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் எத்தனை மீட்டர் போகிறது என்று தெரியும். 700×25 டயருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். உங்களுடைய மிகச் சின்ன கியர் 42/24, அதாவது 1.75. பெருக்கினால் 3.7 மீட்டருக்கு ஒரு துளி குறைவு.

இப்போது மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை சுமார் 20 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏறும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். சராசரி சரிவு 5 முதல் 6 சதவீதம், வளைவுகளின் உள்பக்கம் அதைவிட அதிகம். 6 என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள், சைக்கிள், தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்றால், அந்தச் சரிவில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம் வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 130 வாட் சக்தி போகும். வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறவருக்கு, இரண்டரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்க அது நியாயமான அளவு. அதே வேகத்தில் 42/24 கியரில் உங்கள் கால் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் சுற்றும். 38 என்பது மிதிப்பது இல்லை, ஒவ்வொரு படியாக எம்பி எம்பி ஏறுவது. முழங்கால் அதை இரண்டரை மணி நேரம் மன்னிக்காது. சரி, வேகமாகச் சுற்றிவிடுகிறேன் என்று அதே கியரில் 60 சுற்று சுற்றினால் வேகம் 13 கிலோமீட்டர் ஆகும், அதற்கு 210 வாட்டுக்கு மேல் வேண்டும். அது பயிற்சி எடுத்த கால்களுக்கான வேலை.

அதனால்தான் "கியர் போதவில்லை" என்பதை நான் உடம்பின் குறையாகப் பார்ப்பதில்லை. எண்பதுகளில் இந்த மாதிரி சைக்கிள்களில் 52/42 போட்டது ரேஸ் ஓட்டுகிறவர்களைப் பார்த்து. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ரேஸ் ஓட்டவில்லை.

இனி அதே 130 வாட், அதே வேகத்தில் மற்ற கியர்களைப் பாருங்கள். 42/28 போட்டால் நிமிடத்துக்கு 44 சுற்று. கொஞ்சம் பரவாயில்லை, போதாது. 42/34 போட்டால் 53. 38/34 என்றால் 59. 28/28, அதாவது ஒன்றுக்கு ஒன்று என்றால் 66. என் அனுபவத்தில் மலையில் 53-லிருந்து 66-க்குள் கால் சுற்றினால் மூச்சும் முழங்காலும் இரண்டும் ஒத்துழைக்கும். ஆக நீங்கள் தேடுவது ஒரு சுற்றுக்கு 2.1-லிருந்து 2.6 மீட்டருக்குள் போகிற ஒரு கியர்.

மேல் பக்கம் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறதே போதும். 52/14 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் மணிக்கு 42 கிலோமீட்டர். 11 பல் இல்லையே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 52/11-ல் அதே 90 சுற்றுக்கு 53 கிலோமீட்டருக்கு மேல் போகும், சேலத்துச் சாலையில் அந்த வேகத்தில் மிதிக்க உங்களுக்கு எங்கே இடம்? ஏற்காடு இறக்கத்தில் கையெல்லாம் பிரேக்கில்தான் இருக்கும், கால் சும்மாதான் இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது? பின்னாலிருந்து. ஃப்ரீவீல்தான் இந்த சைக்கிளிலேயே மலிவான, ஒரே திருகலில் மாற்றக்கூடிய கியர் சாமான். ஷிமானோவின் ஏழு அடுக்கு ஃப்ரீவீல் இரண்டு வகையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒன்று 14-28. இன்னொன்று 14-34, அதில் 14, 16, 18, 20, 22, 24 என்று ஒழுங்காக வந்து திடீரென்று 34-க்குத் தாவும். இரண்டுமே ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரக்கூடியவை. உங்களுடையது ஆறு அடுக்கு, 126 மி.மீ. ஹப் என்றால் ஏழு அடுக்கும் அதே இடத்தில் உட்காரும். சில ஃபிரேம்களில் கடைசி சின்னப் பல்லுக்கும் ஃபிரேம் குழாய்க்கும் நடுவில் செயின் உரசும், அதற்கு ஆக்சிலில் வலப்பக்கம் ஒரு மெல்லிய வாஷர் போட்டால் தீர்ந்தது.

அந்த 24-லிருந்து 34 தாவல் பலருக்குப் பிடிக்காது. சமதரையில் அது நிஜமாகவே எரிச்சல்தான், 45 சுற்றில் போய்க்கொண்டிருந்த கால் ஒரே நொடியில் 64-க்கு ஓடும். ஆனால் நீங்கள் அதைச் சமதரையில் தொடப்போவதே இல்லை. அடிவாரத்தில் போட்டால் ஊர் எல்லையில்தான் எடுப்பீர்கள். மற்ற ஆறு பல்லும் ஒழுங்கான இடைவெளியில் இருக்கின்றன, சேலத்துக்குள் ஓட்ட அது போதும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது 14-34.

ஆனால் வாங்கும் முன் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த பெஜோக்களில் அதுதான் வம்பு.

முதல் இடம் பின் ஹப். எண்பதுகளின் முதல் பாதியில் வந்த பெஜோக்களில் மயார் கம்பெனியின் ஹெலிகோமேட்டிக் என்றொரு ஹப் நிறைய வந்தது. ஃப்ரீவீல் சாதாரண மரையில் திருகாமல், சுருள் போன்ற பள்ளங்களில் வழுக்கி உள்ளே போகும், மேலே ஒரு சின்ன லாக் ரிங் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றக் கொடுத்த கருவியின் மறுமுனையில் சோடா மூடி திறக்கிற ஓப்பனர் இருக்கும்! அழகான யோசனைதான், ஆனால் வேறு எந்த ஃப்ரீவீலும் அதில் ஏறாது. ஹப்பில் அந்தப் பெயர் பொறித்திருந்தால் ஃப்ரீவீல் வாங்கும் பேச்சை விட்டுவிட்டு, பழைய சாமான் விற்கும் இடத்தில் வேறு பின்சக்கரம் தேடுங்கள். அந்த நிலையில் ஃப்ரீஹப் சக்கரமே வாங்கிவிடலாம், எட்டு அடுக்கு 11-34 கேசட் போட்டுக்கொள்ளலாம். ஸ்டீல் ஃபிரேம் என்பதால் 126-லிருந்து 130-க்கு விரிவது பெரிய விஷயமில்லை, பக்கத்துக்கு 2 மி.மீ.தான், கையால் இழுத்துச் சக்கரத்தை நுழைக்கலாம். அலுமினியத்தில் இதைச் செய்யவே கூடாது. செலவு கூடும், ஆனாலும் ஷிஃப்டர் பழையதே போதும்.

சாதாரண மரை ஹப் என்றால் அடுத்த கேள்வி, அது பிரெஞ்சு மரையா இங்கிலீஷ் மரையா. பிரெஞ்சு 34.7 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி. இங்கிலீஷ் 34.8-க்குப் பக்கம், அங்குலத்துக்கு 24 புரி. வித்தியாசம் ஒரு தலைமுடி அளவு, அதுதான் ஆபத்து. இங்கிலீஷ் ஃப்ரீவீலை பிரெஞ்சு ஹப்பில் வைத்தால் முதல் இரண்டு சுற்று அழகாகப் போகும், அப்புறம் இறுகும். "துரு இருக்கும், அழுத்திச் சுத்துங்க" என்று யாராவது சொன்னால் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அழுத்தினால் ஏறும், ஹப்பின் அலுமினிய மரையைத் தின்றுகொண்டு ஏறும், பிறகு ஒருநாள் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது மொத்தமாக வழுக்கும். சரியான மரை என்றால் கிரீஸ் வைத்தபின் விரல் நுனியாலேயே கடைசி வரை சுற்றும். எண்பதுகளில் பெஜோவிலும் பல ஹப்கள் இங்கிலீஷ் மரைக்கு மாறிவிட்டன, அதனால் நம்பிக்கை இருக்கிறது.

பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதே ஒரு வேலை. மயார் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் பல் பல்லாக இருக்கும், அதற்கென்று தனி ரிமூவர். ஷிமானோ ரிமூவர் அதில் உட்காராது. சரியான ரிமூவர் கிடைத்தால், அதைப் பள்ளங்களில் வைத்து, குவிக் ரிலீஸ் கம்பியைப் போட்டு லேசாக இறுக்கி நகராமல் பிடிக்க வைத்து, சக்கரத்தைப் படுக்கப்போட்டு ரிமூவரை வைஸில் கவ்வக் கொடுங்கள். சக்கரத்தை இரண்டு கையாலும் கார் ஸ்டியரிங் மாதிரி பிடித்து இடப்பக்கமாகத் திருப்புங்கள். நாற்பது வருடமாக மிதித்து மிதித்து இறுகியது, "டக்" என்று ஒரு சத்தம் வரும், உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு முறை நிற்கும். உடையவில்லை, விட்டுக்கொடுத்தது. உடனே குவிக் ரிலீஸைத் தளர்த்திவிட்டு மீதியைச் சுற்றுங்கள். முந்தின நாள் ராத்திரி மரை ஓரத்தில் எண்ணெய் விட்டு வைத்தால் வேலை பாதி குறையும்.

ரிமூவர் கிடைக்கவே இல்லை என்றால் கடைசி வழி, ஃப்ரீவீலையே பிரித்துவிடுவது. வெளியே தெரிகிற முகப்பு வளையத்தில் இரண்டு குழி இருக்கும், அதற்கு இடது மரை, அதாவது கடிகாரம் சுற்றும் பக்கம் தட்டினால் கழலும். உளியும் சுத்தியும் போதும். உள்ளேயிருந்து கடுகு கொட்டுவது போல் பால்ஸ் கொட்டும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். பல்சக்கரங்கள் மொத்தமும் கையோடு வந்துவிடும், மிச்சமிருக்கும் உள்கட்டையை வைஸில் நேராகக் கவ்வி சக்கரத்தைத் திருப்பலாம். பழைய ஃப்ரீவீல் போய்விடும், ஹப் பிழைக்கும்.

இரண்டாவது இடம் பின் டிரெய்லர் (derailleur), செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. பெஜோவில் பெரும்பாலும் சிம்ப்ளெக்ஸ் கம்பெனியுடையது இருக்கும். கறுப்பாகப் பிளாஸ்டிக் போலத் தெரிந்தால் அது டெல்ரின் என்ற பிளாஸ்டிக், வயதானால் விரிசல் விடும், அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். உலோகமாகவே இருந்தாலும், செயினைப் பிடித்திருக்கும் கூண்டு சின்னதாக உள்ள அந்தக் காலத்து டிரெய்லர் 34 பல்லுக்கு ஆகாது. இரண்டு எல்லை இருக்கிறது. ஒன்று, பெரிய பல்லுக்கு அடியில் மேல் உருளை உரசாமல் நிற்க வேண்டும். இன்னொன்று, தொய்வைச் சுருட்டும் திறன். முன்பக்க வித்தியாசம் 52-42, பத்து. பின்பக்க வித்தியாசம் 34-14, இருபது. கூட்டினால் முப்பது. ஷிமானோ ஆல்டஸ் மாதிரி மலை சைக்கிளுக்கு வருகிற நீளக் கூண்டு டிரெய்லர் 34 பல்லுக்கே செய்தது, முப்பதை அலட்டாமல் சுருட்டும், விலையும் குறைவு. "ரோடு பைக்குக்கு எம்டிபி டிரெய்லரா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நீங்கள் வைத்திருப்பது கிளிக் இல்லாத ஷிஃப்டர், அதற்கு எந்த டிரெய்லரும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். என் முதல் பழைய சைக்கிளில் 34 பல் போட்டபோது டிரெய்லரை மாற்றினேன், செயினை மாற்றவில்லை. பழைய செயின் 24 பல்லுக்கு வெட்டியது. வீட்டு வாசலில் எல்லாக் கியரும் விழுந்தது, சந்தோஷமாகப் புறப்பட்டேன். ஏற்றத்தில் பெரிய செயின்வீலில் இருப்பதை மறந்து பின்னால் 34-க்கு இழுத்தேன். செயினுக்கு நீளம் போதவில்லை, டிரெய்லர் முன்னால் இழுபட்டு விறைத்தது, அடுத்த மிதியில் டிரெய்லர் மாட்டும் ஹேங்கர் வளைந்து கூண்டு ஸ்போக்கில் மாட்டியது. ஆறு ஸ்போக், ஒரு டிரெய்லர், ஹேங்கரை நிமிர்த்த ஒரு நாள். ஒரு செயின் விலையைப் பார்த்து அத்தனையும் போனது.

அதனால் புது செயின் வாங்கியே தீர வேண்டும், ஏழு-எட்டு ஸ்பீடு செயின் எதுவும் சரி. நீளம் அளக்கும் முறை இது: டிரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய செயின்வீல், பின்னால் பெரிய பல் இரண்டையும் நேராகச் சுற்றி, செயின் சந்திக்கும் இடத்துக்கு மேல் ஒரு அங்குலம், அதாவது ஒரு ஜோடி கண்ணி கூட விட்டு வெட்டுங்கள். அந்தக் கியரை நீங்கள் ஒருநாளும் பயன்படுத்த மாட்டீர்கள், ஆனால் கைமறதியாக இழுத்தாலும் எதுவும் உடையாது. பழைய செயினில் பழைய பல், புது செயினில் புது பல். தேய்ந்த செயினைப் புது ஃப்ரீவீலில் ஓட்டினால் புதுப் பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடும். பின்னாளில் பார்த்துக்கொள்ள, 12 அங்குல ஸ்கேல் வைத்து ஆணிக்கு ஆணி அளந்தால் போதும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள், எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் ஃப்ரீவீலும் போய்விட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது இடம் ஹேங்கர், டிரெய்லர் மாட்டும் காது. சிம்ப்ளெக்ஸுக்கென்று செய்த ஃபிரேமில் அந்தக் காதில் மரையில்லாத ஓட்டை இருக்கும். ஷிமானோ டிரெய்லருக்கு 10 மி.மீ., 1 மி.மீ. புரி மரை வேண்டும். நல்ல லேத் பட்டறையில் மரை வெட்டிக் கொடுப்பார்கள், ஸ்டீல்தானே. அதோடு டிரெய்லர் பின்னால் சாயாமல் தாங்கி நிற்க, காதின் அடிப்பகுதியில் ஒரு சின்ன மேடை அரத்தால் ராவ வேண்டியிருக்கும். புது டிரெய்லரைக் கையோடு எடுத்துப்போங்கள், பட்டறைக்காரர் வைத்துப் பார்த்துச் செய்யட்டும். ஃபிரேமில் காதே இல்லையென்றால் இன்னும் சுலபம், ஆக்சிலோடு சேர்ந்து மாட்டும் கொக்கி வைத்த டிரெய்லர் வாங்கிக்கொள்ளலாம்.

ஷிஃப்டரைத் தொடாதீர்கள். ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயில் (டவுன் டியூப்) இருக்கும் சிம்ப்ளெக்ஸ் லீவர் உள்ளே ஸ்பிரிங் வைத்தது என்றால், உங்களிடம் இருப்பது அந்தக் காலத்தின் மிக நல்ல லீவர்களில் ஒன்று. கிளிக் இல்லாததுதான் உங்களுக்குப் பலம். ஆறு அடுக்கு, ஏழு அடுக்கு, நாளைக்கு எட்டு அடுக்கு, எந்தக் கம்பெனி என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை, நீங்கள் இழுத்த தூரம் செயின் நகரும். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாண்டி இழுத்துத் திரும்ப விடுவீர்கள், சங்கிலி கரகரக்கும், காது பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஏற்றத்தில் ஹேண்டில்பாரை விட்டு ஒரு கை கீழே போக வேண்டும், அதனால் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், வளைவின் நடுவில் வேண்டாம். கேபிள் மட்டும் புதிது போடுங்கள்.

இதுவரை சொன்னது ஃப்ரீவீல், டிரெய்லர், செயின், கேபிள், லேத் கூலி. பட்ஜெட்டில் பாதிகூடத் தாண்டாது என்று நினைக்கிறேன். மீதியில் முதல் பணத்தை பிரேக் கட்டைக்குப் போடுங்கள். ரிம் பளபளவென்று குரோம் பூசிய ஸ்டீலாக இருந்தால் மழையில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, அந்த ரிம்மோடு மழை நாளில் மலை இறங்காதீர்கள். அலுமினிய ரிம் என்றால் நல்ல கட்டையும் புது பிரேக் கேபிளும் போதும். ஏறுவதற்குக் கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளலாம், இறங்குவதற்கு பிரேக் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

அப்புறம் கிராங்க். இதை இப்போது தொட வேண்டாம் என்பதுதான் என் கருத்து, காரணத்தையும் சொல்கிறேன்.

42/34-ல் 53 சுற்று என்று பார்த்தோம். இன்னும் கொஞ்சம் சின்ன செயின்வீல் போட்டால் அருமையாக இருக்குமே என்று தோன்றும். முதலில் இருக்கிற கிராங்கிலேயே சின்ன செயின்வீல் ஏறுமா என்று பார்க்கலாம். ஐந்து கை கிராங்க் என்றால் பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் மையத்துக்கு மையம் அளவெடுங்கள். 64.7 மி.மீ. வந்தால் அது 110 வட்டம், அதாவது போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 110 மி.மீ., 34 பல் வரை போகலாம், அதிர்ஷ்டசாலி. 76.4 என்றால் 130 வட்டம், 38 வரை. 84.6 என்றால் 144 வட்டம், 41-க்குக் கீழே எதுவும் ஏறாது. பெஜோவில் ஸ்ட்ராங்லைட் கம்பெனி கிராங்க் என்றால் பெரும்பாலும் 71.7 வரும், அது 122 வட்டம், 38 வரை போகும், ஆனால் அந்தச் செயின்வீலை இங்கே தேடுவது கடலில் ஊசி தேடுவது. வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி வையுங்கள், அவ்வளவுதான்.

கிராங்கையே மாற்றுவதென்றால், பழைய ஹைபிரிட் சைக்கிளில் இருந்து கழற்றிய 48/38/28 மூன்றடுக்கு கிராங்க் மாதிரி மலிவான, நல்ல தீர்வு வேறு இல்லை. 48/14-ல் 90 சுற்றுக்கு 39 கிலோமீட்டர், உங்களுக்குத் தாராளம். கீழே 28/28-லேயே 66 சுற்று. 28/34 என்றால் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் உட்கார்ந்தபடியே ஏறலாம். கிளிக் இல்லாத முன் லீவர் என்பதால் மூன்று செயின்வீலும் வேலை செய்யும்.

ஆனால் பாட்டம் பிராக்கெட் இருக்கிறதே. அதன் ஆக்சிலை இருபக்கமும் தாங்குவது ஃபிரேமில் திருகிய இரண்டு கப்புகள். இங்கிலீஷ் ஃபிரேமில் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை. பிரெஞ்சு ஃபிரேமில் இரண்டு பக்கமும் வலது மரை, 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த சில பெஜோக்களில் சுவிஸ் மரை, அளவு பிரெஞ்சு மாதிரியே, ஆனால் வலப்பக்கம் இடது மரை. இது தெரியாத மெக்கானிக் வலப்பக்கக் கப்பைக் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு கடையில் நீளக் குழாய் மாட்டிய ஸ்பானரோடு இரண்டு பேர் தொங்குவதை நானே பார்த்தேன், கப்பின் தட்டைப் பகுதி உருண்டுவிட்டது, கடைசியில் ஃபிரேமை வேறு ஊருக்குத் தூக்கிப்போனார் சொந்தக்காரர். இன்னும் மோசமானது, இங்கிலீஷ் கப்பைப் பலவந்தமாகத் திருகி ஏற்றுவது. ஃபிரேமின் ஆயுளே அந்த மரையில் இருக்கிறது.

அதனால் கிராங்க் மாற்ற நேர்ந்தால் கப்புகளை மாற்றாமல் ஆக்சிலை மட்டும் மாற்றுங்கள். இடப்பக்கக் கப்பை மட்டும் கழற்றி ஆக்சிலை உருவுங்கள், வலப்பக்கக் கப் ஃபிரேமிலேயே இருக்கட்டும், உள்ளே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். பழைய ஆக்சிலில் பால்ஸ் ஓடும் இரண்டு தோள்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து, அதே அளவு தோள் தூரமும் புது கிராங்குக்கு ஏற்ற நீளமும் உள்ள சதுர முனை ஆக்சில் தேடுங்கள். மூன்றடுக்குக்கு வலப்பக்கம் கொஞ்சம் நீளமாக வேண்டும், இல்லாவிட்டால் உள் செயின்வீல் ஃபிரேமில் இடிக்கும். கிடைப்பது நாள் பிடிக்கும். கப்பும் தேய்ந்திருந்தால் மரையே தேவைப்படாமல் உள்ளிருந்து இறுகப் பிடிக்கும் வகை பாட்டம் பிராக்கெட் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட, ஆனால் ஃபிரேமுக்குத் தீங்கில்லை. இன்னொன்று, பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்கைக் கழற்ற சாதாரண 22 மி.மீ. புல்லர் ஆகாது, அதற்கு 23.35 மி.மீ. வேண்டும். 22-ஐ மாட்டித் திருகினால் கிராங்கின் மரை உரிந்து கையோடு வரும். பெடலும் 14 மி.மீ. பிரெஞ்சு மரையாக இருக்கலாம், இப்போதைய பெடல் அதில் ஏறாது, பழைய பெடலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இத்தனை இருப்பதால்தான் கிராங்கை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளச் சொல்கிறேன். முதலில் பின்பக்கத்தை மட்டும் முடித்து, ஒருமுறை ஏற்காடு போய்ப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு அடிவாரம், வெயிலும் பஸ்ஸும் வருவதற்குள் பாதி மலை ஏறியிருக்கலாம். பத்தாவது வளைவில் இறங்கி நின்று கவனியுங்கள்: மூச்சு வாங்குகிறது ஆனால் கால் இன்னும் சுற்றத் தயார் என்றால் 42/34 உங்களுக்குப் போதும், மிச்சம் பழக்கத்தில் வரும். மூச்சு சீராக இருக்கிறது, தொடையும் முழங்காலும்தான் எரிகிறது என்றால் கியர் இன்னும் பெரிது, மூன்றடுக்கு கிராங்கைத் தேட ஆரம்பியுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிராங்க் வாங்குகிறவர்கள் பாதிப்பேர் தேவையில்லாமல் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பின் ஹப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமின் உள்பக்க அகலத்தை ஸ்கேலால் அளங்கள், 126-ஆ 120-ஆ என்று தெரிய வேண்டும். 120 என்றால் ஏழு அடுக்கு உட்காராது, ஆறு அடுக்கு 14-28-தான் பார்க்க வேண்டும், அதற்கும் ஃபிரேமைக் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கலாம், அப்போது கிராங்க் மாற்றுவது முதல் கட்டத்துக்கு வந்துவிடும். டிரெய்லர் மாட்டும் காதில் மரை இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீவீலைக் கழற்றியதும் ஹப் மரையைப் பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, கிரீஸ் வைத்து, கடையில் புது ஃப்ரீவீலை விரலால் மட்டும் சுற்றிப் பாருங்கள். எத்தனை சுற்று போகிறது என்று சொல்லுங்கள், அடுத்ததை அங்கிருந்து பார்க்கலாம்.